குங்குமத்தின் மேல் போட்ட பழி

தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆயுத பூஜை முடிந்து பட்டறை திறந்த காலை. லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே டிக், டிக். பூட்டிய அறைக்குள் யாரோ விரலால் தட்டுவதுபோல். 'படிக்க முடியவில்லை, மீண்டும் முயலவா, விட்டுவிடவா' என்று ஆங்கிலத்தில் கேட்டது திரை. மீண்டும் என்றேன். டிக். மீண்டும். டிக்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் டூல் செய்யும் சின்னப் பட்டறை அது. நான் வரைபடக்காரன். மூன்று மாத வரைபடங்கள் அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டுமே இருந்தன.

முதலாளியின் கண் நேரே டைப்பிஸ்ட் செல்வியிடம் போயிற்று. பூஜையன்று லேத்துக்கு வைத்ததுபோலவே லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவள் அவள்தான்.

"இதுக்கும் அப்பி வெச்சிகீறியே! பொடி உள்ள பூந்துக்கிச்சு. சனிக்கெயமைக்குள்ள சரியாவலன்னா நீ ஊட்லயே இரு."

"நா வெச்சது பொட்டு சார், கான்கிரீட்டா?"

யாரோ சிரித்தார்கள். அவள் கண் நிறைந்தது.

உண்மை எனக்குத் தெரியும். பூஜையில் வைத்த கருவியை மறுநாள்வரை தொடக்கூடாது. எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு போனபின் நான் தொட்டேன். எழுதாத ஒரு கவிதை வரி நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்பை இயக்கி, ஓட ஓட அப்படியே தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போகையில் லேத்தின் விளிம்பில் இடித்தேன். சின்ன இடிதான். பிறகு ஒரு சின்ன டிக்.

அதற்கும் மேலே ஒரு பாவம். வரைபடங்களை நகலெடுக்க முதலாளி தந்த பத்து ஃப்ளாப்பியிலும் என் வசன கவிதைகள்தான் இருந்தன.

மறுநாள் வேலைக்கு வரும் வழியில் எல்லையம்மன் முன் நின்றேன். "டிஸ்க் பிழைச்சிடட்டும் தாயே." யாருக்கும் தெரியாமல் பிழைக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். தாய்க்குப் புரியாதா? மூன்றாம் நாள் வேறு மாதிரி அழுதேன். "என் வாயைத் திற. அந்தப் பொண்ணு போகக்கூடாது."

அன்றே ஆவடியிலிருந்து பழுது பார்ப்பவர் வந்தார். காதை வைத்துக் கேட்டார்.

"குங்குமம் மேலதான் கீது. இது அடி வாங்கிகீது. யாரு இடிச்சது?"

"நான்" என்றது என் வாய். நான் திறக்கவில்லை; திறந்தது. ஃப்ளாப்பி கதையையும் சொன்னேன்.

"கவிதையா?" முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சண்டைய அப்பால வெச்சுக்குங்க" என்றார் பழுது பார்ப்பவர். "சும்மா சும்மா ஆன் பண்ணாதீங்க, ஆறட்டும். ஒரு தபா எயுந்தாலும் எயுந்துக்கும். அந்த ஃப்ளாப்பிங்க எங்க அண்ணாத்தே?"

பையிலிருந்து பத்தையும் எடுத்து வைத்தேன். "அழிச்சிடுங்க."

மதியம் டிஸ்க் எழுந்தது. செல்வி வரைபடங்களை ஒவ்வொன்றாக அந்த ஃப்ளாப்பிகளில் ஏற்றினாள். பத்தாவது ஃப்ளாப்பி வெளியே வந்ததும் டிஸ்க் டிக் என்றது. பிறகு எழவேயில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "மூணு நாளா பாத்துகினுதானே சார் இருந்தீங்க?" என்றாள்.

அவள் வேலை நிலைத்தது. தாய்க்கு நன்றி. வாரந்தோறும் நகலெடுக்கிறேன். அழிந்த கவிதைகளைத் திரும்ப எழுதவில்லை. அன்பர்களே, நீங்களும் அந்தத் தாயிடம் கேளுங்கள். ஒளித்ததை முதலில் வெளியே வைத்துவிட்டுக் கேளுங்கள். விட்டுவிடவா என்று அவள் கேட்கமாட்டாள். மீண்டும் முயலவா என்றுதான் கேட்பாள்.