உச்சிப் பொழுதில் வரும் குரல்

போன வருடம் தீபம் முடிந்த கையோடு, திருவண்ணாமலை வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டுக்குக் குடிவந்தோம். மகன் வேலைக்குப் போய்விட்டால் நானும் மருமகளும்தான். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

வந்த மறுநாள் உச்சிப் பொழுதில், அடுக்களைக்குப் பின்னால் ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. கயிறு உருவிக்கொண்டு ஓடியது. தொப்பென்று தண்ணீரில் ஏதோ விழுந்தது. பிறகு அடியாழத்திலிருந்து ஒரு பெண் குரல், "யாராச்சும் இருக்கீங்களா?" என்று. மூன்று முறை. மூன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சிமெண்டுத் தரையும் துணிக்கொடியும்தான். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது.

தினமும் அதே நேரம், அதே சத்தம், கொஞ்சமும் மாறாமல்.

பக்கத்துக் காலி மனைக்கு ஆடு ஓட்டி வரும் பெண்ணிடம் கேட்டேன். "அங்க கேணி இருந்துச்சும்மா. மனை போடறப்போ மண்ணக் கொட்டித் தூத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒருநா தண்ணி சேந்தப் போனவ ஒருத்தி உள்ள வுழுந்துட்டா. ஊரே கொல்லைக்காட்டுல மல்லாட்டைச் செடி புடுங்கினு இருந்துச்சு. அவ கூப்பிட்டது யாருக்குக் கேக்கும்?" என்றாள்.

பூசை போட்டோம், எலுமிச்சம்பழம் சுற்றினோம். நிற்கவில்லை. மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு எடை போதவில்லை என்று டாக்டரம்மா திட்டினார். "நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன் அத்தை. இனிமே இந்த வூட்டுக்கு வரமாட்டேன்" என்று பையைக் கட்டிவிட்டாள்.

அன்றைக்கும் ராட்டினம் சுற்றியது. மருமகள் காதைப் பொத்திக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்தாள். கடையில்கூட வாய் திறந்து கேட்டு வாங்கக் கூசுகிறவள் நான். என்ன தோன்றியதோ, இரண்டாவது குரல் வந்ததும், "இருக்கோம்மா, தோ வந்துட்டோம்!" என்று கத்திவிட்டேன்.

மூன்றாவது குரல் வரவே இல்லை.

மருமகள் மெல்லத் தலை தூக்கி, "உங்களுக்கு இவ்ளோ சத்தம் வருமா அத்தை?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். சாயந்திரம் பையைப் பிரித்துவிட்டாள்.

மறுநாள் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. முந்தின நாள் நான் பதில் சொன்னதே தெரியாத மாதிரி. மறுபடியும் சொன்னேன்.

போன வாரம் ரேஷன் கடையில் நேரமாகிவிட்டது. அரக்கப் பரக்க வந்து கேட்டைத் திறந்தால், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள் பின்பக்கம் நின்று, "இருக்கோம்க்கா, தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு இது கேட்கிறதா என்று தெரியாது. காலம் கடந்த பதில்தான், ஆனாலும் அதைச் சொல்லாமல் எங்கள் இருவருக்குமே மதியச் சோறு இறங்குவதில்லை.