துணிச்சலுக்கு ஓர் எடுத்துக்காட்டு

ஐந்தாம் வகுப்பில் தமிழ் டீச்சர் ‘துணிச்சல்’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு கேட்டார். மற்றவர்கள் புலி என்றார்கள், சிப்பாய் என்றார்கள். கடலோர மண்டபத்தூர்க்காரியான எனக்கு அது போதுமா? இடைவேளையில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, “டீச்சர், இதுதான்!” என்று கத்தினேன்.

அப்பாவை அழைத்து வராமல் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து அதுவரை படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். அப்பா வராவிட்டால் அதுவும் அன்றோடு சரி.

“என்னா துணிச்சல்டி ஒனக்கு!” என்று அம்மா மீன்கூடையை இறக்கும் முன்பே திட்டத் தொடங்கினாள். ஆடிக்காற்றில் கடலுக்குப் போய்த் திரும்பிய அப்பாவைப் பற்றி ஊரெல்லாம் அவள் சொல்லித் திரிந்ததும் இதே சொல்தான். அப்போது அவள் குரலில் வெல்லம் இருந்தது.

அந்த அப்பாவுக்கு இப்போது பள்ளிக்கூடம் என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

“நீ போயி பேசிட்டு வாயேன்,” என்றார் அம்மாவிடம்.

“ஒங்களத்தான வரச் சொல்லியிருக்காங்க?”

எங்கள் ஊரில் கடலுக்கு ஒற்றையாளாக யாரும் போவதில்லை. அப்பா பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே கிளம்பினார். மறுநாள் பெரியப்பா, சித்தப்பா, இரண்டு மாமாக்கள் என்று படகு ஆட்கள் மொத்தமும் வெள்ளை வேட்டியில், என்னையும் கூட்டிக்கொண்டு, அவர் பின்னால் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார்கள். வாசல் அடைபட்டு அறை இருண்டது.

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். “என்ன விஷயம்? யார் நீங்கள்லாம்?”

சித்தப்பா அப்பாவை முழங்கையால் இடித்தார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார்.

“புள்ள தொட்டில ஏறிடுச்சாமே!” என்றார் பெரியப்பா, அலை இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரலில். மேசைக் கண்ணாடி அதிர்ந்தது.

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க! சின்னப் பிள்ளைதானே? நீ வகுப்புக்குப் போம்மா!” என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார் தலைமையாசிரியை.

“இனிமே ஏறாதுங்க, டீச்சர்,” என்று அப்பா சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே வந்ததும், “அந்தம்மா எந்திரிச்சப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு மாப்ள,” என்றார் மாமாக்களில் ஒருவர்.

அந்த அறையில் பயப்படாமல் நின்றவள் நான் மட்டும்தான். ஆகவே அங்கிருந்தவர்களில் துணிச்சல்காரி நானே என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.