ஜூட்டுக்கு வந்த ஊறுகாய்

இத்தாலியிலிருந்து திரும்பி மூன்று நாள். பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூரில் நண்பன் ஜூட்டின் அம்மாவைப் பார்க்கப் போனேன். பனிக்காலத்தில் அவனை இங்கே மொன்றியலில் அடக்கம் செய்தபோது இந்தக் குழுவில் இருக்கும் நீங்களும் கூட நின்றீர்கள்.

வாசலிலேயே அவன் தங்கை என் கையைப் பிடித்தாள். "அண்ணை, அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. அவ தாங்கமாட்டா."

அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "அவன் ஏன் போன் எடுக்கிறானில்லை?"

"ரெண்டு வேலை அம்மா, நேரமில்லை."

புறப்படும்போது மகனுக்கென்று ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் தந்தார். வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

இன்று காலை வேலைக்கு இறங்கும் நேரம் அவரிடமிருந்து போன். "தம்பி, போத்தலைக் குடுத்திட்டீரே? என்னவாம்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "நல்லாயிருக்காம். உப்புத்தான் கொஞ்சம் குறைவாம்."

அவர் சிரித்தார். "அவன் எப்பவும் ஒரு குறை சொல்லுவான்."

அடுத்த மாதம் இங்கே வரும் ஒருவரிடம், உப்பைக் கூட்டி இரண்டு போத்தல் அனுப்புகிறாராம்.

கோட்-டெ-நெய்ஜ் பக்கம் இருப்பவர்களில் ஊறுகாய் வேண்டியவர்கள் கீழே எழுதுங்கள். சாப்பிட்டபின் ருசி எப்படி என்றும் எழுதிவிடுங்கள். அம்மா மறுபடியும் கேட்பார்.