இரண்டு கட்சிக்கும் ஒரே மூக்கு

சிதம்பரத்தில் தமிழ்மணிக்கு பேனர் அடிக்கும் கடை. எல்லாக் கட்சிக்கும் அடிப்பார். அவர் அடித்த தலைவர்களுக்குத் தெருப் பையன்கள் நாங்கள் மீசை வரைந்ததுண்டு; திட்டுவார், காட்டிக்கொடுத்ததில்லை. ஒரு கட்சிக்குப் போட்ட படத்தையே இடம் வலமாகத் திருப்பி எதிர்க்கட்சிக்கும் போட்டுவிடுவது அவர் தொழில் பழக்கம். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

போன மாதம் கடலூரில் போருக்கு எதிரான கூட்டம். பேனர் கேட்ட இடதுசாரி சுப்பராயலு, "ரத்தம் குடிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி போடுய்யா" என்றார். தமிழ்மணி இணையத்தில் தேடினார். கொக்கி மூக்கு, தொப்பியில் ஆறுமுனை நட்சத்திரம், கையில் பூமி உருண்டை. எடுத்துப் போட்டார். அதே வாரம் வலதுசாரி பாலகுமார், வெளிநாட்டுச் சதியைக் கண்டித்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று கேட்டார். மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது.

தமிழ்மணி வீட்டு மாடியில் குடியிருப்பவள் ஹன்னா. தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரி என்பதுதான் அவருக்குத் தெரியும். யூதப் பெண் என்பது, அவள் இரண்டு பேனரையும் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"அண்ணா, போரை நிறுத்தச் சொல்லி நானும் ஊர்வலம் போயிருக்கிறேன். அது வேறு. யூதர் கடை என்று எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கடையை உடைப்பதற்கு முன்னால் தெருச் சுவரில் ஒட்டியது, இதே மூக்கும் எங்கள் நட்சத்திரமும் போட்ட படம்தான். சனிக்கிழமை அம்மா வருகிறார், கடலூர் வழியாக. அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. படம் தெரியும்."

பேனரைக் கழட்டக் கேட்டு தமிழ்மணி அன்றே கடலூருக்கு பஸ் ஏறினார்.

"நாங்க சொல்றது அரசியல் தோழர்," என்றார் சுப்பராயலு. "வெறுப்புலாம் அவனுங்க டிபார்ட்மென்ட். மொதல்ல அவனுங்கள கழட்டச் சொல்லுங்க."

சிதம்பரம் திரும்பிக் கேட்டபோது பாலகுமார் சிரித்தார். "யூதர்ங்க நம்ம ஃப்ரெண்டு மச்சான். நாங்க போயி வெறுப்போமா? அது வெளிநாட்டுப் பணக்காரன் மூஞ்சி. மொதல்ல அவுங்க கழட்டட்டும்."

"ரெண்டும் ஒரே மூஞ்சி மச்சான்."

"அப்ப போட்ட உன்னத்தான் கேக்கணும்."

வெள்ளிக்கிழமை தமிழ்மணி இரண்டு துண்டு பேனர் அடித்தார். ஒன்றில் சுப்பராயலு கும்பிடுகிறார், இன்னொன்றில் பாலகுமார். ஆள் உயரத்துக்கு. இரண்டு ஊரிலும் ஏணி வைத்து ஏறி அந்த மூக்கின் மேல் தானே ஒட்டினார். இரண்டு பேருமே போன் போட்டு, படம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஹன்னாவின் அம்மா வந்து இறங்கினார். தமிழ்மணி சட்டை மாற்றிக்கொண்டு மாடி ஏறினார்.

"அந்தப் படத்தப் போட்டவன் நான்தான்னு அம்மாகிட்ட சொல்லும்மா."

"அம்மா அதைப் பார்க்கவே இல்லையே அண்ணா?"

"பரவால்ல. சொல்லு."

ஹன்னா சொன்னாள். அந்த அம்மாள் அவருக்குப் பின்னால் மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"போடச் சொன்னவர்கள் யாரும் உங்களோடு வரவில்லையா என்று கேட்கிறார்."

தமிழ்மணி வாசற்படியைப் பார்த்தபடி சொன்னார்.

"இல்லம்மா. நான் மட்டுந்தான் வந்தேன்."