தேறிய ரத்தம்

கரும்பு வெட்டும் எங்கள் ஊரான எல் ஹிகாரலில் கிரியாட்டினின் என்பது நோயின் பெயர். சிறுநீரகச் சோதனையில் வரும் ஓர் எண் அது என்று சினாந்தேகா நகரத்து டாக்டர்கள் சொல்வார்கள். "அவனுக்குக் கிரியாட்டினின் வந்திருச்சு" என்றால் எங்களில் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

எவெலியோ பதினெட்டு வயதிலிருந்து கரும்பு வெட்டினான். ஒவ்வொரு நவம்பரிலும் அறுவடைக்கு முன் சர்க்கரை ஆலை வாசலில் ரத்தம் எடுப்பார்கள். எண் கூடினால் வேலை இல்லை. எண்ணை இறக்க, இரண்டு வாரம் முன்பே அவன் மனைவி ரோசிபெல் அவனை வெயிலில் இறங்க விடமாட்டாள். இறைச்சியை நிறுத்திவிடுவாள். விடிந்ததும் இளநீர், பிறகு நாள் முழுக்கத் தண்ணீர். சோதனை வரிசையில் அவன் நிற்க முடியாமல் நெளிவான். பின்னால் நிற்பவன் கேலி செய்வான்.

"டேய் ஒல்லி, வயித்துல குளம் வெட்டியிருக்கியா?"

"ஆமா. தள்ளி நில்லு, கரை ஒடஞ்சிரும்."

இப்படிப் பல வருடம் தேறினான். பிறகு கணுக்கால் வீங்கத் தொடங்கியது. தண்ணீர் இனி உதவாது என்று ரோசிபெல்லுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி மூன்று வருடம் அவன் அடையாள அட்டையைக் காட்டி அவள் தம்பி தனிலோ ரத்தம் கொடுத்தான்.

இந்த ஜனவரியில் எவெலியோ வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே வாந்தியெடுத்து விழுந்தான். ஊர்ச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் மிரேயா ரத்தம் எடுத்தாள். பத்து நாள் படுக்கவைத்து மறுபடியும் எடுத்தாள். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய எண் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை.

"நவம்பர்ல தேறினியேப்பா?"

"அது இவன் ரத்தம் இல்ல நர்ஸம்மா," என்றாள் ரோசிபெல்.

மிரேயா கையுறையைக் கழற்றினாள். "தண்ணி குடிச்சு ஏமாத்தின வருஷமே எங்கிட்ட வந்திருக்கலாம். அப்பவே வெயிலை விட்டிருந்தா கிட்னி இன்னும் ரொம்ப நாள் ஓடியிருக்கும்."

"வெயிலை விட்டுட்டு அடுப்புல எதை வைக்கிறது?"

மிரேயா டயாலிசிஸுக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே வரிசை நீளம்.

ஆலை அவன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை, வெளியூர்க் காண்டிராக்டரின் லாரி தெருமுனையில் வந்து நின்றது. ரோசிபெல் சோளரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"அங்க ரத்தம் எடுப்பாங்களா?"

"பேரே கேக்கல."

அறுவடை ஏப்ரலில் முடிந்தது. எவெலியோ மார்ச் இரண்டாம் வாரம் வரை வெட்டினான். புதைக்கும்போது அவனுக்கு வயது முப்பத்து நான்கு.