வெங்காயம் இல்லாமல், முறுகலாக

மார்பிள் போட்ட மேசை. அதன்மேல் சர்வர் ஒரே கையில் இடுக்கிக்கொண்டு வந்து டக்கென்று வைத்த இரண்டு தண்ணீர் டம்ளர். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தி, டம்ளருக்கடியில் ஈரம் வட்டமாக நிற்கும். அந்த வட்டத்தையே பார்த்தபடி என் நாத்தனார் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுத்து வராது என்பது ஒரு காரணம். அது பெரிய காரணமில்லை. எழுதினால் புகுந்த வீட்டுக்குக் குறை வருமோ, எழுதாமல் விட்டால் போய்ச் சேர்ந்தவருக்குக் குறை வருமோ என்று இரண்டு பக்கமும் பயம். போன கிருத்திகையன்று தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் முருகன் சன்னதியில் நின்றபோது, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று மனசு சொல்லிவிட்டது. அவன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவரைப் பறிகொடுத்துவிட்டு, கைப்பிள்ளையோடு தம்பி வீட்டுக்கு வந்தவர். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் போனபோது அடுப்படி முழுக்க அவர் கையில்தான் இருந்தது. நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் வயலில் நிற்கிற ஆட்களுக்கும் சேர்த்து வடிப்பார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் எது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் அவருக்கு. குழம்பு மிஞ்சினால் குழம்பு, இல்லாவிட்டால் மோர். யாரும் அவரை அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை. “உங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா அண்ணி?” என்று கேட்டால், “எது இருக்கோ அது போதும்மா” என்பார். சேலை எடுக்கப் போனாலும் அதே பதில்தான். கடைக்காரர் விரித்துப் போட்டதில் மேலாக எது கிடக்கிறதோ அது.

எங்கள் வீட்டில் கிருத்திகை விரதம் உண்டு. மாதம் ஒரு நாள், முருகனுக்கு. அன்றைக்குச் சோறு கிடையாது. பகல் முழுக்க வெறும் வயிறு, சாயங்காலம் சாமி கும்பிட்ட பிறகு பலகாரம். பலகாரம் என்றால் இட்லி, தோசை, உப்புமா, எது வேண்டுமானாலும் ஆகலாம். சோறாக இருக்கக் கூடாது, வெங்காயம் பூண்டு படக் கூடாது, அவ்வளவுதான். அண்ணியின் மகன் வேலைக்குச் சிங்கப்பூர் போன பிறகு, அவனுக்காக வேண்டிக்கொண்டு மாதா மாதம் கிருத்திகைக்குப் பெரிய கோயிலுக்குப் போக ஆரம்பித்தோம், நானும் அவரும். தரிசனம் முடித்து ஊருக்கு பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து மாவு ஊற்றுவதற்குள் கண் இருட்டிவிடும். அதனால் ஒரு நாள் நான்தான், “பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹோட்டல் இருக்கு அண்ணி, அங்கேயே பலகாரத்தை முடிச்சுக்குவோம்” என்றேன். ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

டம்ளரை வைத்த சர்வர், “என்ன வேணும்?” என்றார். என்னைக் கேட்கவில்லை, அண்ணியைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணி திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “எது இருக்கோ அது” என்றார். சர்வருக்கு அன்றைக்கு நல்ல கூட்டம். சரி என்று போனவர், தட்டில் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தது வெங்காய ஊத்தப்பம். கிருத்திகையும் அதுவுமாக! சிவக்கச் சிவக்க வெங்காயம், கடைவாயில் தண்ணீர் ஊறுகிற வாசனை. காலையிலிருந்து வெறும் வயிற்றில் இருக்கிற மனுஷி அதைத் தொடவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னம்மா, பாத்துக்கிட்டே இருந்தா ஆறிப் போயிடும்.”

“இன்னிக்கு நாங்க விரதங்க. வெங்காயம் ஆகாது” என்றேன் நான்.

“நல்லாருக்கு! இருக்கிறதைக் கொண்டான்னாங்க. இருந்தது இது. கல்லுல கிடந்ததை எடுத்தாந்தேன். உங்க விரதம் எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!” தட்டைத் தூக்கி அடுத்த மேசைக்காரர் முன்னால் வைத்துவிட்டு, “உங்களுக்குத்தான் சார், சூடா சாப்பிடுங்க” என்று சொல்லித் திரும்பி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “இப்பச் சொல்லுங்கம்மா. என்ன வேணும்?”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “ரவா தோசை. வெங்காயம் இல்லாம. நல்லா முறுகலா.”

“முறுகலான்னா லேட்டாகும்.”

“ஆகட்டும்” என்றார் அண்ணி. அவர் ஒருவரைக் காக்க வைத்தோ, தனக்காகக் காத்திருந்தோ நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓரமெல்லாம் வலை வலையாக, பொன்னிறமாக அந்தத் தோசை வந்தது. சாம்பாரில் வெங்காயம் கிடக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு, தேங்காய்ச் சட்னியை மட்டும் தொட்டுக்கொண்டு, ஓரத்திலிருந்து ஒடித்து ஒடித்துச் சாப்பிட்டார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கிருத்திகை எப்போது வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருக்க ஆரம்பித்தோம். அப்பன் முருகன் பொறுத்துக்கொள்ளட்டும், பக்தி குறையவில்லை, அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் ஏறும்போதே அண்ணி முடிவு செய்துவிடுவார். “போன மாசம் அங்க காபி ஒரே தண்ணி. இன்னிக்குக் கீழவீதிச் சந்துல இருக்கே, அந்தக் கடைக்குப் போவோம்.” ஒரு கடையில் அடை, ஒரு கடையில் பொங்கல் வேண்டாம், அரிசி கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒரு வழக்கு. புதிதாக மெத்தை நாற்காலி போட்டுத் திறந்த கடையில் ஐஸ் போட்ட காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “பல்லு கூசுது, ஆனா நல்லாருக்கு” என்றார். வீட்டில் என் வீட்டுக்காரர், “அக்கா, விரதத்துக்குப் போறீங்களா, விருந்துக்குப் போறீங்களா?” என்று கேலி செய்வார். “சோறுதானேடா ஆகாது. இது பலகாரம்” என்று அண்ணி ஒரே போடாகப் போடுவார்.

இப்படி இருக்கையில் மகன் போன் செய்தான். அவனுக்குக் கல்யாணமாகி அங்கேயே வீடு எடுத்துவிட்டான். “அம்மா, என்கிட்ட வந்துடு” என்றான். என் வீட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “தெரியாத ஊர்ல நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடக்கிறதுக்கா? நான் இல்ல? என் அக்கா எங்கேயும் போகாது.” சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அண்ணியிடம் கேட்டால், “எது சௌகரியமோ அது” என்றார். பழைய பதில் திரும்பி வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம், அவருக்கு எங்களை விட்டுப் போக மனசில்லை, அதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று.

அந்தக் கிருத்திகையில் முதல் ஹோட்டலுக்கே போனோம். அதே சர்வர், அதே இரண்டு டம்ளர். முறுகல் தோசைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது நான் கேட்டேன். “அண்ணி, ஊரு பேசுறதை விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்.” அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். ‘இங்கதாம்மா இருக்கணும்’ என்பார், அதைக் கொண்டுபோய் எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

அவர் டம்ளருக்கடியில் நின்ற ஈரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார். “போகணும்மா. இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. தம்பி என்னைத் தாங்கிட்டான், நீயும் தாங்கிட்ட. ஆனா என் பிள்ளை வீட்ல, என் அடுப்புன்னு ஒண்ணுல, நானா ஒரு நாள் என்ன சமைக்கலாம்னு யோசிச்சுச் சமைக்கணும். தம்பிகிட்ட எனக்குச் சொல்ல வராது. நீ சொல்லு.”

தோசை வந்தது. அன்றைக்கு ஒடிக்கிற சத்தம் அவர் பக்கத்திலிருந்து மட்டும்தான் வந்தது.

வீட்டுக்குப் போய் நான்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் சில நாள் வயலே கதியென்று கிடந்தார். பிறகு அவரே பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார், அவரே விமான நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து கிருத்திகை தவறாமல் அண்ணி போன் செய்வார். “இங்கயும் ஒரு கடை இருக்கும்மா. நம்மாளுதான் வச்சிருக்கான். முறுகலாத்தான் போடுறான். எதிர்ல நீ இல்ல, அதான்.” நான் இந்தப் பக்கம் உம் கொட்டிக்கொண்டிருப்பேன்.

அண்ணி அங்கேயே அடங்கிவிட்டார். மகன் அஸ்தியைக் கொண்டுவந்தான். திருவையாற்றுப் படித்துறையில் கரைத்துவிட்டுப் படியேறும்போது, எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். “கூடப் பொறந்தவன் வீட்ல ஒரு வாய் சோத்துக்கா பஞ்சம்? வந்தவ அனுப்பி வச்சிட்டா, அநாதையாட்டம் கடல் தாண்டிப் போய்ச் செத்தா.” என் வீட்டுக்காரர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பதில் சொல்லவில்லை. அண்ணியாகத்தான் போக ஆசைப்பட்டார் என்று சொன்னால், ‘அந்த வயசில் அவளுக்கென்ன ஆசை’ என்று அவரைப் பேசியிருப்பார்கள். அது எனக்குப் பொறுக்காது. அந்தப் பேச்சு இன்று வரைக்கும் ஊரில் இருக்கிறது.

இப்போதும் கிருத்திகைக்குப் போகிறேன். மார்பிள் மேசை போய்விட்டது, பளபளவென்று வேறு மேசை. பழைய சர்வரும் இல்லை. புதிதாக ஒரு தம்பி, செல்போனைத் தட்டித்தான் ஆர்டர் எடுக்கிறது. போன தடவை ஒரே ஒரு டம்ளரை வைத்துவிட்டு, “என்னம்மா வேணும்?” என்று கேட்டது. எனக்கு வேண்டியது அந்தக் கடையில் இல்லை. எதிர் நாற்காலியில் ஒரு மனுஷி, ஒடிக்கிற சத்தம், முந்தானைக்குள் சிரிப்பு. ‘எது இருக்கோ அது’ என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, “ரவா தோசை, வெங்காயம் இல்லாம, முறுகலா” என்றேன். “லேட்டாகும்மா” என்றது தம்பி. ஆகட்டும் என்றேன்.

படிக்கிறவர்களுக்கு என் ஒரே வேண்டுதல். எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது இந்தக் கதையை உங்களிடம் எடுத்தால், நான் சொன்னது சொன்னபடி சொல்லுங்கள். ஊத்தப்பத்தையும் விட்டுவிட வேண்டாம். அண்ணிக்காக அழகாக்கவும் வேண்டாம், எங்களுக்காகப் பூசி மெழுகவும் வேண்டாம். ‘அனுப்பி வைத்தார்கள்’ என்று அவர்கள் சொல்கிற இடத்தில் மட்டும் நிறுத்தி, ‘இல்லை, அவராகப் போனார்’ என்று சொல்லுங்கள். என்ன வேணும் என்று கேட்டார்கள், வாயைத் திறந்து சொன்னார், போனார்.