எலி தின்ற பன்னிரண்டு கதிர்

எங்கள் வீட்டு எலிகள் மேல் நெடுநாளாக ஒரு வீண்பழி இருக்கிறது. விதைக்கென்று வைத்திருந்த மக்காச்சோளத்தில் பன்னிரண்டு கதிர்களைச் சக்கைகூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டன என்பது குற்றச்சாட்டு. ஓர் எலி அதற்காகப் பொறியில் மாட்டி உயிரையும் விட்டது. உண்மையில் அந்தப் பன்னிரண்டு கதிர்களையும் உதிர்த்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

கிருஷ்ணகிரியில் பெரிய அணை ஒன்று கட்டப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. நாகரசம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். எல்லோருக்கும் சாப்பாடு கேழ்வரகுக் களிதான். ஆனால் கேழ்வரகு விளைந்து வீடு வந்து சேர்வதற்குள் அடுக்குப்பானை காலியாகிவிடும். அந்த இடைவெளியில் வயிற்றைக் காப்பாற்றுவது மக்காச்சோளம். முதல் மழைக்குப் போட்டால் மூன்று மாதத்தில் கதிர் நீட்டிவிடும். அதனால் விதைக் கதிர்களை அப்பா சாமி மாதிரி வைத்துப் பார்ப்பார். தோலை உரித்துப் போடாமல் மேலே மடக்கி, இரண்டிரண்டாக முடிந்து, அடுப்புக்கு நேர் மேலே கட்டிய மூங்கிலில் தொங்கவிடுவார். நாள்தோறும் புகை ஏறினால் வண்டு அண்டாது. அந்த வருஷம் தொங்கியவை இருபது கதிர். முந்தைய வருஷம் மழை பொய்த்துவிட்டதால், அவ்வளவு விதை இருந்த வீடுகளே எங்கள் பக்கத்தில் குறைவு.

அந்த வைகாசியில் ஒருநாள், அப்பா யாருடைய மாங்காய்ப் பாரத்தையோ ஏற்றிக்கொண்டு ஓசூருக்கு வண்டி ஓட்டிப் போயிருந்தபோது, அம்மாவின் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். காவேரிப்பட்டினத்துக்கு அப்பால் இருக்கும் அவருடைய ஊரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். மாமா எங்கள் வீட்டுப் படியேறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு காளை. எருது விடும் திருவிழாவில் அப்பாவின் காளை, கூட்டம் அத்தனை கூச்சல் போட்டும் ஓடாமல், தெருவின் நடுவே நின்று நிதானமாக அசைபோட்டது. மாமா சும்மா இருந்திருக்கலாம். "மச்சான் வளர்த்த மாடாச்சே, அவரு மாதிரிதான இருக்கும்" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மாடு அதன் பிறகும் நிம்மதியாகவே அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மாமா எதற்காக வந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அவரைப் பற்றித் தப்பாக நினைத்த மாதிரி நீங்களும் நினைத்துவிடக்கூடும். அவர் வீட்டு விதையெல்லாம் பஞ்சத்தில் வயிற்றுக்குப் போய்விட்டது. மழைக்கு முன்னால் எங்கேயாவது விதை தேடியாக வேண்டும். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, தங்கையிடம் பத்துக் கதிர் கேட்கத்தான் அன்றைக்கு வந்திருந்தார். இது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் வந்துவிட்டார் என்பதுதான். "ஏண்ணா, இப்புடி எளச்சுப் போய்க் கெடக்கற?" என்று கேட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மாமா செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "தங்கச்சி, ஒரு சங்கதி" என்று தொடங்கினார்.

"எந்தச் சங்கதியா இருந்தாலும் சாப்ட்டுப் பேசிக்கலாம். செத்த நேரம் வேப்பமரத்தடியில படு" என்று அம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டாள்.

உள்ளே வந்து பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பார்க்காமலே தெரிந்த விஷயம்தான். இரண்டு கை கேழ்வரகு மாவு இருந்தது. ஒரு வாரமாக நாங்கள் குடித்துக்கொண்டிருந்தது தண்ணீர் மாதிரியான கூழ். "ரெண்டு வருசம் கழிச்சு வந்த அண்ணனுக்குக் கூழா ஊத்துவன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். முதலில் நாலு கதிரை இறக்கினாள். வெளியே படுத்திருந்த அண்ணனின் உடம்பை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் நாலு. மாமா சாப்பாட்டில் பேர் வாங்கியவர். பந்தியில் அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தால் நமக்குப் பாயசம் வந்து சேராது என்று சொல்வார்கள். அது ஞாபகம் வந்ததோ என்னவோ, மறுபடியும் ஏறி இன்னும் நாலு. மிச்சமிருந்த எட்டையும் மூங்கிலோடு இருட்டு மூலைக்குத் தள்ளிவிட்டாள். "அப்பாகிட்ட மூச்சு வுட்ட, தோலை உரிச்சுடுவன்" என்றாள்.

ஒரு சக்கையை வைத்து இன்னொரு கதிரைத் தேய்த்தால் மணி பொலபொலவென்று உதிரும். நான் உதிர்க்க உதிர்க்க, அம்மா வெந்நீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டு மெல்லக் குத்தித் தோலைப் புடைத்தெடுத்தாள். அப்புறம் திருகைக்கல்லில் போட்டு உடைத்தாள். சலித்ததில் நொய் தனியாகவும் மாவு தனியாகவும் வந்தது. கொதிக்கும் உலையில் நொய்யைக் கொட்டி, அடி பிடிக்காமல் துழாவி, வெந்ததும் தட்டு போட்டு மூடி, மேலே நெருப்பு அள்ளி வைத்தாள். அதுதான் சோளச்சோறு. பதமாக இறக்கினால் பொன்னிறத்தில் உதிரியாக நிற்கும். அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல். மாவில் வெல்லம் கரைத்து ஊற்றிப் பிசைந்து, கல்லில் அடை தட்டினாள். சக்கைகளையும் தோலையும் அடுப்பிலேயே போட்டு எரித்துவிட்டாள். சாட்சியமில்லாமல் காரியம் செய்வதில் எங்கள் அம்மா கெட்டிக்காரி.

அவளால் மறைக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். ஒன்பது மாதம் புகை குடித்த தானியத்தை எத்தனை தண்ணீரில் அலசினாலும் புகை வாசம் போகாது. பூண்டை நசுக்கி நசுக்கிப் போட்டுத் தாளித்தும் அது போகவில்லை. எனக்கு அந்த வாசம் பிடிக்கும். ஆனால் குடியானவன் நாக்குக்கு அந்த வாசம் வேறு சேதி சொல்லும்.

மாமா முதல் கவளத்தை வாயில் போட்டார். மென்றுகொண்டிருந்த தாடை அப்படியே நின்றது. கண் மெதுவாக மேலே போயிற்று. மூங்கில் இருந்த இடத்தில் கரி படிந்த கூரை மட்டும் தெரிந்தது. அம்மா கரண்டியோடு குனிந்தாள்.

"நல்லா இல்லையாண்ணா?"

மாமா விழுங்கினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இதைவிட நல்லா எங்க திங்கறது? இன்னும் ரெண்டு கரண்டி வையி" என்றார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்ட மாதிரி யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பருக்கையைக்கூட வீணாக்கவில்லை. சிந்திய ஒன்றிரண்டையும் விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நடுநடுவே எனக்கும் உருண்டை பிடித்து ஊட்டினார். ஆனாலும் பானையில் சோறு இறங்க இறங்க எனக்கு வயிறு எரிந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசலில் காரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவி வந்ததும் அம்மா கேட்டாள். "என்னமோ சங்கதின்னியேண்ணா?"

"ஒண்ணுமில்லம்மா. உங்கையால தின்னு ரெண்டு வருசம் ஆச்சு. அதான் வந்தன்."

அம்மாவின் முகம் அப்போது இருந்த மாதிரி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மிச்சமிருந்த அடைகளைத் தேக்கிலையில் கட்டி, அவருடைய பிள்ளைகளுக்கென்று கொடுத்தாள். நான் ஏரிக்கரை வரை கூடப் போனேன். கரை ஏறியதும் மாமா குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு, மேல இன்னும் எத்தனை கதிரு இருக்குது?"

அப்பாவிடம்தானே சொல்லக்கூடாது? "எட்டு" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "தினமும் எண்ணிக்கிட்டே இரு. யாரையும் தொட வுடாத" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டைத் தின்றும் மனிதருக்கு ஆசை அடங்கவில்லை. அடுத்த தடவை வந்து தின்பதற்கு எட்டையும் என்னிடம் காவல் வைத்துவிட்டுப் போகிறார். பேராசைக்காரர் என்று திட்டிக்கொண்டாலும், சொன்ன வேலையை நான் தட்டவில்லை. ஒவ்வொரு நாளும் எண்ணினேன்.

ஓசூரிலிருந்து திரும்பிய அப்பாவும் எண்ணினார். அம்மா எலி என்றாள். அப்பா பொறி வைத்தார், எலியும் விழுந்தது. "பாரு, தின்னு தின்னு எப்புடிக் கொழுத்துக் கெடக்குது" என்று அதை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அது மெலிந்த எலி.

பிறகு ஒருநாள் சந்தைக்குப் போய் வந்த அப்பா, கூழைக் குடித்துக்கொண்டே சொன்னார். "உங்கண்ணன் விதைக்கு ஊரு ஊரா அலையறானாம். கெடைக்காட்டி, கொல்லையத் தரிசாப் போட்டுட்டு மண்ணு சொமக்கப் போறன்னானாம். நம்ம வூட்டுப் பக்கம் மட்டும் வரல பாரு, ரோசக்காரன்." அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகை என்றாள்.

ஆனி பிறந்ததும் மழை கொட்டியது. மறுநாள் காலையில் தூறலோடு ஏரைத் தயார் செய்துவிட்டு, அப்பா உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினார். மூங்கிலில் கை வைத்ததும் நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

"தொடாதப்பா! யாரையும் தொட வுடாதன்னு மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு!"

"எந்த மாமாடி?"

அதற்கு மேல் எதை மறைப்பது? மாமா வந்தது, வேப்பமரத்தடியில் படுத்தது, பன்னிரண்டு கதிர், சோளச்சோறு, தேக்கிலை அடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். அன்றைக்கு ஒருவருக்காவது அடி நிச்சயம் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா இறங்கி உரலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மேல எட்டு இருக்கறது அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நாந்தான் சொன்னன்."

"தெரிஞ்சும் கேக்கலையா?"

"இல்ல. எண்ணிக்கிட்டே இருன்னாரு."

அப்பா எழுந்து எட்டுக் கதிரையும் இறக்கி, நாலைத் தன் துண்டில் வைத்து முடிந்தார். பூட்டிய ஏரை அப்படியே விட்டுவிட்டு, கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காவேரிப்பட்டினத்துப் பாதையில் மழையோடு இறங்கி நடந்தார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் எண்ணிக் காத்ததில் பாதியை, கேட்காமலே சாதித்துக்கொண்டுவிட்டாரே அந்தச் சாப்பாட்டு ராமன்! போய்ச் சேர்ந்ததும் சுட்டுத் தின்றுவிடுவாரே! திரும்பிப் பார்த்தால் அம்மாவும் வாசற்படியில் உட்கார்ந்து, அப்பா போன பாதையைப் பார்த்து விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே வருத்தம்தான் என்று நினைத்து, அருகில் போய்க் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதம்மா. நமக்கு இன்னும் நாலு இருக்குது" என்றேன்.